தண்ணீர் கொடுத்தேன் என்று வந்தவன்

லேபர் கேம்ப், மாட்டுங்கா,
பம்பாய் – 19
14-9-66

என் தவிட்டுக்குஞ்சுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் சுகமாக இருக்கிறேன். எல்லோரும் எழுதுகிற வார்த்தைதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, திரும்ப ஒரு தடவை படி. நான் சுகமாக இருக்கிறேன், காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கவில்லை, காலையில் குழாயடிச் சண்டையில் நின்று இரண்டு குடம் நானே பிடித்து வந்தேன், இப்போது மத்தியானம், வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் அங்கே பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், இந்தக் காகிதம் கையில் கிடைக்கிற வரையில் உனக்கு எந்தச் சேதியும் வந்திருக்கக்கூடாது என்று நமது சாஸ்தாவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

இந்த எழுத்தை நீ இதற்கு முன்னே பார்த்திருக்கமாட்டாய். இத்தனை வருஷமும் உங்கப்பாதான் எழுதினார், நான் பக்கத்தில் இருந்து இதையும் எழுதுங்கள் அதையும் எழுதுங்கள் என்பேன், அவர் பாதியை விட்டுவிட்டு ஒட்டிவிடுவார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இது யார் எழுதியது என்று உனக்குச் சந்தேகம் வரும், வரவேண்டும், அதற்குத்தான் உன் பெயரைப் போடாமல் அந்தப் பெயரை மேலே போட்டேன். உனக்கு முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, நீ பிறந்த மூன்றாம் நாள் உன்னைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினேன், அதிலிருந்து நான் மட்டும் கூப்பிட்ட பெயர் அது. பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் முன்னால் கூப்பிட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய், அதன் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்கப்பா எழுதிய காகிதம் எதிலும், நீ எழுதிய காகிதம் எதிலும் அந்தப் பெயர் இராது. ஆகையால் இதை எழுதுவது நான்தான். பெற்ற பிள்ளையிடம் நான்தான் உன் தாய் என்று சாட்சி சொல்லுகிற காலம் வந்துவிட்டது.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் ஹாஸ்டல் ஆபீசுக்கு ஒரு டிரங்க்கால் வரும். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், ஆபரேஷன், உடனே பணம் வேண்டும், ஒரு ஆள் வந்து நிற்பான், அவன் கையில் கொடு என்று ஒருவன் சொல்லுவான். என் பெயர் சொல்லுவான், உங்கப்பா பெயர் சொல்லுவான், அவர் போன தேதியும் சொல்லுவான். கொடுக்காதே. போனைக் கீழே வைத்துவிடு. எழுதுவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் இந்த நாலு வரியாவது போதும் என்று இதை முதலில் எழுதினேன், இனி நடந்ததைச் சொல்லுகிறேன்.

நீ லீவு முடிந்து ரயிலேறின மறுநாள், உங்கப்பா போன பதினாலாம் நாள், ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் ஒரு தோல் பை, மாட்டுங்கா ஆபீஸ்காரர்கள் மாதிரி இருந்தான். உனக்குத் தெரியும், சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு வருகிறவரை வாருங்கள் என்று கேட்கக்கூடாது, நீங்கள் யார் என்றும் கேட்கமாட்டோம், போகிறவரும் போய்வருகிறேன் என்று சொல்லாமல்தான் போகவேண்டும். அந்தப் பதினாலு நாளும் உங்கப்பாவோடு வேலை செய்தவர், டீ குடித்தவர், வண்டியில் கூட வந்தவர் என்று எத்தனையோ தெரியாத முகம் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. இவனும் வந்து உட்கார்ந்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பிறகு, “அம்மா, நான் அன்னிக்கு அதே வண்டியிலதான் வந்துண்டிருந்தேன்” என்றான். குர்லா தாண்டினதும் கூட்டத்தில் உங்கப்பா கை நழுவி விழுந்தாராம், இவன்தான் சங்கிலியை இழுத்தானாம், இறங்கி ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டானாம். தண்ணீர் கேட்டாராம். பாத்திரம் இல்லையாம், தண்டவாளத்து ஓரம் ஒரு குழாயில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து எடுத்து வந்தானாம். கையைக் குழித்து எனக்குக் காட்டினான். “விரல் இடுக்கில பாதி ஒழுகிப்போயிடுத்து, மிச்சம் இருந்ததைக் குடிச்சார். பேராச்சின்னார், வெயிலுமுத்துன்னார். அப்புறம் கண்ணை மூடிட்டார்” என்றான்.

ஐயா, நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் மேல் துணி போர்த்தியிருந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். யார் கொண்டுவந்து போட்டது என்றுகூட அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பதினாலு நாளாக நான் அழுததெல்லாம் அவர் போய்விட்டார் என்பதற்காக மட்டும் இல்லை, தண்டவாளத்துக் கல்லு மேலே தனியாகக் கிடந்து போனாரே என்றுதான். இவன் வந்து அதைச் சொன்னதும் என் நெஞ்சில் ஏறிக் கிடந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தது போல் இருந்தது. எழுந்து அவன் காலில் விழுந்துவிட்டேன். முன்பின் தெரியாத மனுஷனுக்கு என் பெயரும் உன் பெயரும் எப்படித் தெரியும், அவர் வாயால் சொல்லாமல் தெரியுமா என்று நினைத்தேன். உனக்குப் பிலாயில் வேலை, நேற்றுத்தான் வண்டி ஏறினாய் என்பது வரைக்கும் சொன்னான்.

அப்புறம்தான் ரயில்வேயிலிருந்து நஷ்ட ஈடு வரும், நான் ஆபீசில் சொல்லி வாங்கித் தருகிறேன், இன்றைக்குள் காகிதம் உள்ளே போகவேண்டும், நாளைக்குப் போனால் எடுக்கமாட்டார்கள் என்றான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், கேம்ப்பில் இருக்கிற தரகுக்கார தலால்கள் மோப்பம் பிடித்துப் பங்கு கேட்டு வருவார்கள் என்றான். உங்கப்பா வேலை பார்த்த இடத்து அடையாளப் பாஸ், சாவுச் சர்ட்டிபிகேட், வாரிசு ருசுவுக்கு நீ எழுதிய காகிதக் கட்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாம்புச் செலவுக்கு என்றபோது நான் கழற்றி வைத்திருந்த இரண்டு வளையலையும் கொடுத்தேன். அவன் பிடுங்கவில்லை, நானாக எடுத்துக் கொடுத்தேன், பழைய துணியில் முடிந்து கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். துஷ்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போகிறான், முறை தெரிந்த பிள்ளை என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எட்டு நாளில் வருகிறேன் என்றவன் வரவில்லை. ஒன்பதாம் நாள் மனசு கேட்காமல் பிச்சையா சித்தப்பாவிடம் சொன்னேன். முதலில் அவர் என்னைத்தான் கோபித்தார், “ஏன் மதினி, நாலு வீடு தள்ளி நான் இருக்கேன், எனக்கு ஒரு குரல் குடுக்கப்படாதா” என்றார். பிறகு உன் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. அவன் வருவதற்கு மூன்று நாள் முன்னே முக்கு இரானி ஹோட்டலில் நமக்கு ஒரு போன் வந்ததாம். உங்கப்பா சட்டைப்பையில் எப்போதும் வைத்திருந்த சீட்டில் அந்த ஹோட்டல் நம்பர்தான் இருந்தது, போலீஸ்காரன் அதைப் பார்த்துத்தான் நமக்கே சேதி சொன்னான், அந்த நம்பர் இவன் கைக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. டீ குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து போய்ப் பேசியிருக்கிறார். ரயில்வே ஆபீசிலிருந்து பேசுகிறோம், இறந்தவர் பெயர் என்ன, வீட்டம்மா பெயர் என்ன, பிள்ளை எங்கே, எப்போது வந்து சேர்ந்தான், எப்போது திரும்பிப் போகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் ஹோட்டலே கேட்கிற மாதிரி உரக்க உரக்கச் சொல்லியிருக்கிறார். அத்தனையும் நாம் கொடுத்தது, ஐயா. நாம் கொடுத்ததைத்தான் அவன் கொண்டுவந்து நமக்கே திருப்பிச் சொன்னான், நாம் வாய் பிளந்து கேட்டோம். கோமதிச் சித்தி அவரை விடவில்லை, “வீட்டுல நான் ஒண்ணு கேட்டா இவருக்கு வாயில கொழுக்கட்ட, போனுல எவனோ கேட்டா பரம்பரையவே ஒப்பிச்சிட்டு வந்திருக்கிய” என்று ஒரு நாள் முழுக்க ஏசினாள். இரானி சேட் மாத்திரம் அவரைக் கூப்பிட்டுச் சும்மா ஒரு டீ கொடுத்து, “பிச்சையா, டெலிபோன் மே அவாஜ் ஆதா ஹை, சூரத் நஹி ஆதா” என்றாராம், போனில் குரல்தான் வரும் முகம் வராது என்று. சித்தப்பா அந்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

நேற்று அவரும் நானும் ரயில்வே ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குள் இருந்தவர் காகிதப் புஸ்தகத்தைப் புரட்டிவிட்டு, உங்கப்பா பெயரில் ஒன்றும் வரவில்லை, ஜகந்நாதன் என்று இங்கே அப்படி ஒரு ஆளும் இல்லை என்றார். ஜகந்நாதன் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். நான் விடாமல், அவர்தான் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தவர், வண்டியில் கூட இருந்தவர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குப் பின்னால் முக்காடு போட்டு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், நம் பக்கத்துப் பேச்சு. என் தோளைத் தொட்டு, “அக்கா, கையை இப்பிடிக் குழிச்சுக் காட்டுனானா” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். “வெரலு எடையில பாதி ஒழுகிச்சு, மிச்சத்தக் குடிச்சாருன்னு சொன்னானா” என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பெயர் சபுரா, மான்குர்த்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஜூலை மாசம் இதே போல வண்டியிலிருந்து விழுந்து போனார். அவளிடம் திருவேங்கடம் என்று பெயர் சொல்லி வந்திருக்கிறான், இதே சட்டை, இதே பேனா, இதே குழாய், இதே தண்ணீர். அவள் கொலுசையும் காகிதங்களையும் கொண்டுபோய்விட்டான். அதோடு விடவில்லை. அவள் அண்ணன் மெட்ராசில் தையல் கடை வைத்திருக்கிறார், இங்கிலீஷ் படித்தவர். இவன் வந்துபோன பன்னிரண்டாம் நாள் அவர் கடைக்கு டிரங்க்கால் போட்டு, உன் தங்கச்சிக்குப் புத்தி பிசகி ஆஸ்பத்திரியில் கட்டிப் போட்டிருக்கிறது, ஊசி மருந்து உடனே வாங்கவேண்டும், பம்பாய்க்குப் போகிற ஆள் சென்ட்ரல் ஸ்டேஷனில் நிற்கிறான், கொடுத்து அனுப்பு என்றானாம். மச்சான் பெயர், செத்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லவே, அவர் கடையைக்கூடப் பூட்டாமல் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டார். பதறிக்கொண்டு பம்பாய்க்கு வந்து பார்த்தால் இவள் அடுப்பங்கரையில் இருக்கிறாள். சபுரா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “கொலுசு போனாப் போவுது அக்கா, கள்ளன்னு தெரிஞ்ச பொறவும் அந்தத் தண்ணி மட்டும் நெசம்னு நெனச்சிக்கிட்டுத்தான் ரெண்டு மாசமா கண்ண மூடுனேன், அதையும்லா கொண்டுபோயிட்டான்” என்று. நாங்கள் இரண்டு பேரும் போலீஸ் சௌக்கிக்கும் போனோம். அங்கே இருந்த ஹவல்தார், உன் கையால் நீயே எடுத்துக் கொடுத்தால் அது எப்படித் திருட்டு, அவன் திரும்ப வந்தால் பிடித்து வைத்துக்கொண்டு சொல்லியனுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நம் வீட்டுக்கு அவன் வந்து இன்றோடு பதினோரு நாள். நாளைக்குப் பன்னிரண்டு. உன் விலாசமும் ஹாஸ்டல் போன் நம்பரும் உன் காகிதங்களில்தான் இருந்தன, அவை அவன் கையில் இருக்கின்றன, என் கையில் இல்லை. பெற்றவளுக்கு உன்னைக் கூப்பிட வழியில்லை, அவனுக்கு இருக்கிறது. நீ அனுப்பிய மணியார்டர் கூப்பன் ஒன்று காலண்டர் ஆணியில் குத்திக் கிடந்தது, அதில் விலாசம் மட்டும் கிடைத்தது, சாமி புண்ணியம். சித்தப்பா தந்தி கொடுக்கலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். தந்தி யார் கொடுத்தாலும் ஒரே எழுத்துத்தான், அவன் கொடுத்தாலும் அதுதான், நான் கொடுத்தாலும் அதுதான். உங்கப்பா சேதி உனக்குத் தந்தியில்தான் வந்தது, இன்னொரு தந்தியைப் பார்த்ததும் பிரிக்கும் முன்னே உன் கை நடுங்கும், அந்த நடுக்கத்தை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். அதனால் இதை எழுதுகிறேன். கல்கத்தா மெயில் சாயங்காலம் தாதரில் நிற்கும்போது அதிலேயே இருக்கிற தபால் பெட்டியில் போட்டால் நாளை மறுநாள் உனக்குக் கிடைக்கும் என்று சித்தப்பா சொல்லுகிறார், அதற்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறார். நடுவே நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு எழுத்து நகரமாட்டேன் என்கிறது.

உன்னை எதைச் சொல்லிப் பிடிப்பான் என்று எனக்குத் தெரியும். நீ மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாய், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, உங்கப்பா முகத்தை நீ பார்க்கவில்லை. வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாயே தவிர அழவில்லை. அன்றைக்குத் துஷ்டிக்கு வந்தவர்களில் யாரோ, பிள்ளை பிந்திவிட்டான் என்று பேசினது உன் காதில் விழுந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவன் அதைத்தான் தொடுவான், அப்பாவைத்தான் பார்க்கவில்லை, அம்மாவையாவது பார்க்கவேண்டாமா, இப்போதே செய், இந்த நிமிஷமே செய் என்பான். இப்போதே என்று ஒருவன் விரட்டினால் அங்கேயே அவன் பொய்யன் என்று தெரிந்துகொள். நிஜமான ஆபத்துக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்கிற நேரம் எப்போதும் இருக்கும். ஒருத்தரிடமும் சொல்லாதே என்று சொன்னால் உடனே நாலு பேரிடம் சொல்லு, நான் அதைச் செய்திருந்தால் அன்றைக்கே சித்தப்பா அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். போனில் பேசுகிறவன் உன்னைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்லாதே, அவன் சொல்லட்டும், நீ சும்மா இரு. உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேள், அந்தப் பெயரைச் சொல்லாதவன் என்னிடமிருந்து வந்தவன் இல்லை. எனக்கு நிஜமாகவே ஒன்று ஆனால் சித்தப்பாவே வண்டி ஏறி உன் எதிரில் வந்து நிற்பார், அப்படிப் பேசி வைத்திருக்கிறோம். நான் செத்தே போனாலும் நீ ஒரு நாள் பிந்தி வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. உங்கப்பாவுக்கு நீ பிந்தி வந்தாய் என்று நான் என்றைக்காவது நினைத்தேனா, சத்தியமாக இல்லை. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாமல் உன்னை ரயிலேற்றிவிட்டேன்.

நீ ஏமாந்துவிட்டாலும் என்னிடம் மறைக்காதே. சபுராவின் அண்ணன் வெட்கப்பட்டு ஒரு மாசம் வெளியே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் வீட்டு வாசலில் அவன் மிதித்திருக்கமாட்டான். ஏமாந்தவர்கள் ஒன்றும் மடையர்கள் இல்லை, ராசா, துக்கத்தில் இருந்தவர்கள், அவ்வளவுதான். நானும் சபுராவும் இனிமேல் சனிக்கிழமை தோறும் மாஹிம், சயான், குர்லா ஸ்டேஷன் பக்கம் நம் ஜனங்கள் இருக்கிற இடத்தில் போய், துஷ்டி வீடாக இருந்தாலும் தெரியாதவன் வந்தால் யார் என்று கேளுங்கள் என்று சொல்லப்போகிறோம். வழக்கம் தெரியாதவள், தாலி அறுத்த மாசமே தெருவில் சுற்றுகிறாள் என்று ஒருத்தி இன்று காலையிலேயே குழாயடியில் ஆரம்பித்துவிட்டாள். ஆமாம், சுற்றத்தான் போகிறேன், உன் வீட்டுக்கு அவன் வருவதற்கு முன்னே வந்து சொல்லுகிறேன் என்றேன்.

மற்றபடி ரேஷனில் சோளம்தான் போடுகிறார்கள், நீ அரிசி அனுப்பவேண்டும் என்று நினைக்காதே, எனக்கு ஒரு வயிறுதான். உலைப் பக்கம் வேலை செய்துவிட்டு வேர்வையோடு குளிக்காதே. சம்பளம் வாங்கினவுடன் கூட இருக்கிறவன் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் போடாதே, அம்மாவைக் கேட்கவேண்டும் என்று சொல், சிரித்தால் சிரிக்கட்டும். இதைப் படித்ததும் ஒரு கார்டு போடு. அதில் உன் இடது முழங்கால் தழும்பு எப்படி வந்தது என்று எழுது. அது இல்லாமல் வந்தால் நீ எழுதியது என்று நான் நம்பமாட்டேன். சாஸ்தா உனக்குத் துணை இருக்கட்டும், கண் காணாத இடத்தில் இருக்கிற என் பிள்ளையின் காதைக் கெட்ட குரல் தொடாமல் இருக்கட்டும், நீ நூறு வயசு இருக்கவேண்டும். மறக்காதே, போனைக் கீழே வைத்துவிடு.

இப்படிக்கு உன்னைத் தவிட்டுக்கு வாங்கிய அம்மா,
பேராச்சி

சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார், வண்டிக்கு நேரமாகிறது என்கிறார். ஒன்றே ஒன்று. உங்கப்பா தானாக நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, தண்டவாளத்திலிருந்து அவரை யாரோ ஒரு மனுஷன் தூக்கித்தான் கொண்டுபோயிருக்கிறான். அந்த நல்லவன் இந்த ஊரில்தான் எங்கேயோ இருக்கிறான். என்றைக்காவது மனசு உறுத்தி நம் வீட்டைத் தேடிக்கொண்டு அவன் வந்தால், நான் அவனை வாசலிலேயே நிறுத்தி நீ யார் என்று கேட்பேன், சித்தப்பாவைக் கூப்பிடுவேன், அவன் சொல்லுகிற ஒரு வார்த்தையையும் நம்பமாட்டேன். அவன் உங்கப்பாவுக்கு நிஜமாகவே தண்ணீர் கொடுத்தவனாக இருந்தால், நான் அதை எப்படி ஐயா தெரிந்துகொள்ளுவேன்?